அம்மாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதா, ரூட் கெனால் செய்வதா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு 46 வயது. தீபாவளிக்கு முந்தின கிழமைகளில் வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் இரவில் தூங்கவிடாமல் வலித்திருக்கிறது. சூடான தேத்தண்ணி பட்டால் உயிர் போகும், பச்சைத் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் கொஞ்சம் அடங்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோலும், அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் கொடுத்தார்கள். சில நாளில் வலி தானாக நின்றுவிட்டது. பொங்கல் கழிந்து முரசில் (பல் ஈறில்) ஒரு சின்னக் கொப்புளம் வந்தது, போன கிழமை கன்னமே வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிப் பல் டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் நுனியில் கறுப்பு விழுந்திருக்கிறது, பிடுங்கலாம், பல் வேண்டுமென்றால் ரூட் கெனால் செய்யப் பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குத் துண்டு தருகிறேன் என்றிருக்கிறார். நரம்பைத் தொட்டால் மூளையைப் பாதிக்கும் என்று மாமா பயமுறுத்துகிறார். இப்போது வலியே இல்லையே, எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று அம்மா கேட்கிறார். இடப்பக்கத்தில் இரண்டு கடைவாய்ப் பல்லை ஏற்கெனவே பிடுங்கியாயிற்று என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். 20 வருடத்துக்கு மேல் இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் பல் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அம்மாவின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

வெளியிலிருந்து பார்க்கப் பல் ஒரே கல் மாதிரி இருக்கும். மேலே இருப்பது எனாமல். நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. அதற்குள் டென்டின், மஞ்சள் சாயல் கொண்டது, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைந்தது. நட்ட நடுவில் ஒரு சிறிய அறை இருக்கிறது. அந்த அறையிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் நூல் தடிப்பில் ஒன்றோ இரண்டோ பாதை இறங்கி, வேர் நுனியிலுள்ள துளையில் முடியும். அறையிலும் பாதையிலும் இருப்பதுதான் பற்கூழ். இரத்தக் குழாயும் நரம்பும் மெல்லிய இழையமும் சேர்ந்தது அது. நாம் எல்லோரும் அதைச் சுருக்கமாக 'நரம்பு' என்கிறோம். அந்தப் பாதையைத்தான் ரூட் கெனால் என்பார்கள். அதைத் துப்பரவாக்கி அடைக்கும் சிகிச்சையையும் ரூட் கெனால் என்றே சொல்வோம், நம் பக்கம் சிலர் நேர்வ் ஃபில்லிங் என்கிறார்கள். எல்லாம் ஒரே சிகிச்சைதான்.

சூத்தை எனாமலையும் டென்டினையும் தின்றுகொண்டு உள்ளே போகும்போது கிருமிகள் பற்கூழை நெருங்கும். உடம்பின் எந்தப் பாகத்தில் கிருமி பட்டாலும் அங்கே இரத்தம் கூடுதலாக வந்து வீங்கும். கையில் முள் குத்தினால் தோல் இழுபட்டு இடம் கொடுக்கும். பல்லுக்குள் இடம் எங்கே இருக்கிறது? சுவரெல்லாம் கல். புகைக்கூண்டு இல்லாத லயத்துக் காம்பராவில் கதவையும் சாத்திவிட்டு ஈர மிலாறு விறகைப் போட்டு அடுப்பு மூட்டினால் என்ன ஆகும்? புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். அந்தச் சின்ன அறையிலும் அதேதான் நடக்கிறது. அழுத்தம் ஏற ஏற நரம்பு துடிக்கும். படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுவதால் இரவில் வலி இன்னும் மோசமாகும். கீழ்ப் பல்லின் வலி காதுக்கும் ஏறும். காதுவலி என்று மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் இரத்த ஓட்டம் நின்று பற்கூழ் செத்துப்போகும். செத்த நரம்புக்கு வலிக்கத் தெரியாது. அம்மாவுக்கு வலி 'தானாக' நின்றது அப்போதுதான். வலி நின்றபோது நோய் போகவில்லை, பல்லின் உயிர் போனது. பிறகு வந்தது அதன் தொடர்ச்சி. செத்த பற்கூழில் கிருமிகள் பெருகி வேர் நுனித் துளை வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. எலும்பு அந்த இடத்தை விட்டுக் கரைந்து ஒதுங்குகிறது. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிவது அந்தக் கரைந்த இடம். சீழ் எலும்பைத் துளைத்து முரசில் வாய் வைத்தால் அதுதான் கொப்புளம். அது உடைந்து உப்புக் கரிக்கிற நீர் வரும், பிறகு மூடும், மறுபடி உடையும். வழி திறந்திருக்கும்வரை அழுத்தம் இல்லை, அதனால் வலியும் இல்லை. வழி அடைபட்டால் கன்னம் வீங்கும்.

இந்தக் கட்டங்களைத் தெரிந்துகொண்டால் வீட்டில் மற்றவர்களின் பல்லையும் நேரத்தோடு காப்பாற்றலாம். நுவரெலியாவில் விடியற்காலைப் பைப் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் யாருக்கும்தான் பல் கூசும். அந்தக் கூச்சம் சில விநாடியில் போய்விட்டால் பற்கூழ் பெரும்பாலும் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சூத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். கூச்சம் வந்து நிமிடக்கணக்கில் நின்று துடித்தால், காரணமே இல்லாமல் வலி தொடங்கினால், இரவில் எழுப்பினால், சூட்டில் வலித்துக் குளிரில் அடங்கினால், பற்கூழ் திரும்ப முடியாத கட்டத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பல்லுக்கு இரண்டே வழி: உள்ளே துப்பரவாக்குவது, அல்லது பிடுங்குவது. மூன்றாவதாக மாத்திரை என்று ஒரு வழி இல்லை.

அது ஏன் என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நாம் விழுங்கும் மாத்திரை இரத்தத்தில் கலந்துதான் நோயுள்ள இடத்துக்குப் போகிறது. செத்த பல்லுக்குள் இரத்தம் ஓடுவதில்லை. லயத்துக்கு வரும் பைப் லைனை மேலேயே வெட்டிவிட்டு, டாங்கியில் எவ்வளவு மருந்து கலந்தாலும் கீழே பீலிக்கு வராது. அமொக்சிசிலின் பல்லைச் சுற்றியுள்ள எலும்பிலும் தசையிலும் கிருமியைக் குறைக்கும், வீக்கம் வற்றும். பல்லுக்குள் இருக்கும் கூட்டம் அப்படியே இருக்கும். மாத்திரை முடிந்து சில கிழமையிலோ சில மாதத்திலோ அது திரும்ப இறங்கும். காய்ச்சல், பரவுகிற வீக்கம், வாய் திறக்க முடியாமை என்று இருந்தால் மாத்திரை அவசியம். அப்போதும் அது சிகிச்சைக்குத் துணைதான். ஒவ்வொரு பல்வலிக்கும் அந்தச் சிவப்பு மஞ்சள் கெப்சியூலை வாங்கிப் போடும் பழக்கம் நம் தோட்டங்களில் இருக்கிறது. பல்லுக்கும் அது பயனில்லை, பிறகு நியுமோனியா போன்ற ஒன்றுக்கு மருந்து தேவைப்படும் நாளில் கிருமி அதற்குப் பழகியிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் கிருமிதான் என்பதை 1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள். சாதாரண எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டபோது அது செத்துச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கும் அதையே செய்தார்கள். துளைக்குள் சாப்பாடு போய் அடைத்தும்கூட அந்த எலிகளின் பற்கூழ் சாகவில்லை, மேலே புதிய டென்டின் வளர்ந்து துளையை மூடத் தொடங்கியது. ஆகவே ரூட் கெனாலின் நோக்கம் ஒன்றே ஒன்று. பல்லுக்குள் இருக்கும் கிருமியை முடிந்தவரை வெளியேற்றி, திரும்ப உள்ளே வராமல் அடைப்பது. மாமா நினைப்பதுபோல 'நரம்பைக் கொல்வது' அல்ல. அம்மாவின் பல்லில் நரம்பு ஏற்கெனவே செத்துவிட்டது.

மூளைப் பயத்தைப் பற்றி. பல்லின் உணர்ச்சி முகத்துக்குரிய முந்நரம்பு என்கிற பெரிய நரம்பின் கிளைகள் வழியாகப் போகிறது. பல்லுக்குள் இருப்பது அதன் கடைசித் துளிர். கொழுந்தைக் கிள்ளுவதால் தேயிலைச் செடி செத்துப்போகிறதா என்று மாமாவைக் கேளுங்கள், அவருக்கு விளங்கும். மேல் பல்லைத் தொட்டால் கண் பார்வை போகும் என்பதும் அப்படித்தான். பார்வைக்கான நரம்பே வேறு. ரூட் கெனால் செய்த பல்லால் உடம்பெல்லாம் நோய் வரும், புற்றுநோய் வரும் என்ற கதை கைபேசிகளில் சுற்றுகிறது. அது வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1920களில் சொன்னதன் மிச்சம். அந்தக் காலத்தில் அதை நம்பி எத்தனையோ பேரின் நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். பின்னால் ஒழுங்காகச் செய்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

இனி, அங்கே என்ன செய்வார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன். தெரிந்துகொண்டு போனால் பயம் பாதி குறையும்.

முதலில் விறைப்பு ஊசி. கீழ்க் கடைவாய்க்குத் தாடையின் உட்பக்கம் பின்னால் போடுவார்கள். உதடும் நாக்கின் ஒரு பக்கமும் இரண்டு மூன்று மணிநேரம் மரத்திருக்கும். 'ரூட் கெனால் என்றால் உயிர் போகும் வலி' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பற்கூழ் உயிரோடு கொதித்துக்கொண்டிருந்தபோது போனவர்கள். அந்த நேரத்தில் கீழ்க் கடைவாயில் விறைப்பு சரியாக ஏறாமல் போவது உண்டு, கூடுதல் ஊசி தேவைப்படும். அம்மாவின் பல்லில் உயிர் இல்லை என்பதால் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் இருக்காது. வலித்தால் இடக்கையைத் தூக்கச் சொல்லுங்கள். எந்த நல்ல டொக்டரும் கையை நிறுத்துவார்.

பிறகு பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் தாளை இழுத்து மாட்டுவார்கள். ரப்பர் டேம் என்பார்கள். 1864இல் நியூயோர்க்கில் பார்னம் என்ற பல் வைத்தியர் கண்டுபிடித்தது, இன்றுவரை அதைவிடச் சிறந்தது வரவில்லை. எச்சிலில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது. அது உள்ளே போனால் துப்பரவாக்குவதில் பொருளில்லை. சின்ன ஊசி போன்ற கருவி தவறித் தொண்டைக்குள் போகாமலும் அது காக்கும். மூக்கால் மூச்சு விடப் பழக வேண்டும், அவ்வளவுதான். தடிமன் பிடித்து மூக்கடைத்த நாளாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, சூத்தை முழுவதையும் எடுத்துவிட்டு மேலிருந்து அறையைத் திறப்பார்கள். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக 3 கெனால்கள் இருக்கும், சிலருக்கு 4. மேல் முதல் கடைவாயில் 4 இருப்பது சாதாரணம், நாலாவது ஒளிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டதால் கெட்டுப்போன சிகிச்சைகள் ஏராளம். கெனால் வேர் நுனிவரை எவ்வளவு நீளம் என்று எக்ஸ்ரேயாலும் ஒரு சிறு மின்கருவியாலும் அளப்பார்கள். இந்த எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டாம். ஓரிரு நாளில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம்மேல் படுகிற அளவுக்குத்தான் அதில் கதிர் இருக்கிறது.

துப்பரவாக்குவது ஃபைல் என்ற மெல்லிய கருவியால். 15ஆம் நம்பர் ஃபைலின் நுனி 0.15 மில்லிமீற்றர்தான், 25ஆம் நம்பர் 0.25. தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு. அதால் கெனாலைப் படிப்படியாக அகலமாக்குவார்கள். ஆனால் உண்மையான வேலையைச் செய்வது ஃபைல் அல்ல, கழுவும் மருந்து. கெனால் நேரான குழாய் இல்லை. மலையில் வெட்டிய வாய்க்கால் மாதிரி வளைந்து, பக்கத்தில் கிளை பிரிந்து, பொந்து பொந்தாக இருக்கும். மண்வெட்டி போகாத மூலைக்கும் தண்ணீர் போகும் அல்லவா? சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கரைசலை ஊசியால் மெதுவாக விட்டு விட்டுக் கழுவுவார்கள். துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பதும் அதுதான், அந்த மணம் வரும். அது கிருமியைக் கொல்வதோடு செத்த இழையத்தையும் கரைக்கும். டொக்டர் அவசரப்படாமல் திரும்பத் திரும்பக் கழுவுகிறார் என்றால் நல்ல கையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சீழ் இருந்த பல் என்பதால் முதல் நாளிலேயே அடைக்காமல், கல்சியம் ஹைட்ரொக்சைட் என்ற மருந்தை உள்ளே வைத்துத் தற்காலிகமாக மூடி, ஓரிரு கிழமை கழித்து வரச் சொல்லலாம். வேதியியல்படி பார்த்தால் அது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதான்! அதன் காரத்தில் கிருமி வாழாது. அதற்காக யாரும் வீட்டில் சூத்தைக்குள் சுண்ணாம்பு வைத்துவிடாதீர்கள், முரசு வெந்துவிடும். வலிக்கிற பல்லின் பக்கத்தில் மாத்திரையை வைத்து அடக்கிக்கொள்வதும் அப்படித்தான், முரசைச் சுட்டுவிடும். கராம்பு வைப்பதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதிலுள்ள எண்ணெய் சற்று நேரம் மரக்கச் செய்யும். பல் ஆஸ்பத்திரிகளில் அடிக்கும் மணமும் அந்த எண்ணெய்தான், எங்கள் தற்காலிக அடைப்புகளில் அது சேர்கிறது. ஆனால் கராம்பு நோயைத் தீர்க்காது.

கடைசி நாளில் கெனாலை உலர்த்திக் கட்டாபேர்ச்சா என்ற பொருளால் நுனிவரை நிரப்புவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. மலாயாக் காட்டு மரமொன்றின் பால் அது, நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்குத் தண்ணீர் புகாமல் உறையிட்டது இந்தப் பாலால்தான். தண்ணீர் புகக்கூடாது என்ற அதே தேவைக்காகத்தான் இன்றும் வேருக்குள் போகிறது, உடம்பும் அதை வெறுப்பதில்லை.

முடிந்து இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது நோகும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணிநேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் 8க்கு மேல் கூடாது. விறைப்பு இருக்கும்வரை சூடாக எதுவும் குடிக்கக்கூடாது. உதடு வெந்தாலும் தெரியாது. முரசுக் கொப்புளம் சில கிழமைகளில் மூடிக்கொள்ள வேண்டும். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும், ஒரு வருடம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது முறை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கட்டாபேர்ச்சாவோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கடைவாய்ப் பல்லுக்கு அது பாதி வேலை. சூத்தை தின்றதும் டொக்டர் திறந்ததும் போக மிஞ்சியிருப்பது மெல்லிய சுவர்கள்தான். ரொட்டியைக் கடிக்கிற, பாக்கை உடைக்கிற பலத்துக்கு அது ஒருநாள் பிளக்கும். மேலிருந்து வேர்வரை பிளந்தால் கடவுளாலும் ஒட்டவைக்க முடியாது. பல்லை முழுவதும் கவிந்து பிடிக்கிற ஓர் உறை வேண்டும், கிரவுன் என்பார்கள். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரூட் கெனாலுக்குப் பின் கிரவுன் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. நன்றாகச் செய்து கிரவுனும் போட்டால், பத்து வருடத்தை நெருங்கும்போதும் 10 பல்லில் 8, 9 பல் வாயில் இருக்கும்.

ஓர் அக்காவை என்னால் மறக்க முடியவில்லை. முதல் தடவை வந்து திறந்து கழுவி மருந்து வைத்தோம், வலி நின்றது. அடுத்த தரம் வரச் சொன்ன நாள் கொழுந்து அதிகமாக இருந்த நாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் (அன்றைய கூலிக் கணக்கு) போகும், அரைப்பேர்கூட விழாது. வலிதான் இல்லையே என்று இருந்துவிட்டார். ஏழு மாதம் கழித்து வந்தபோது தற்காலிக அடைப்பு உதிர்ந்து, பல் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. அன்று அதைப் பிடுங்கினேன். முதல் நாளே பிடுங்கியிருந்தால் அவருக்கு அந்த ஏழு மாதக் கிருமியும் இருந்திருக்காது, ஒரு நாள் கூலியும் மிஞ்சியிருக்கும். பிழை அவருடையது அல்ல. மூன்று தடவை வர வேண்டும், வலி நின்றாலும் வர வேண்டும், கடைசியில் கிரவுன் வேண்டும் என்று முதல் நாளே உட்காரவைத்து நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எவருக்கும் சொல்லாமல் நான் பல்லைத் திறந்ததில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன்: அம்மாவால் இறுதிவரை போய்வர முடியுமா? பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை அரசாங்கத்துடையது, பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது. மாணவர்கள் விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் செய்யும்போது நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் ஒவ்வொரு படியையும் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்வார். நான் அதை நல்லதாகவே நினைக்கிறேன். ஹட்டனிலிருந்து கண்டி பஸ் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகத்தான் வரும், கண்டிவரை போகாமல் பேராதனையிலேயே இறங்கலாம். பொகவந்தலாவையிலிருந்து என்றால் விடிய முன்னே புறப்பட வேண்டும், ஒரு நாள் முழுதாகப் போகும். தனியார் இடத்தில் செய்வதாக இருந்தால், ரூட் கெனாலுக்கு மட்டும் விலை கேட்காதீர்கள். 'கிரவுனோடு மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை' என்று கேளுங்கள். அரசாங்க இடத்திலும் கிரவுன் அங்கேயே கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பிடுங்குவதே சரியான பற்களும் உண்டு. வேர் பிளந்திருந்தால், முரசுக்கு மேலே கட்டிப் பிடிக்கப் பல்லே மிஞ்சியிருக்காவிட்டால், முரசு நோயால் பல் ஆடினால், எதிரே கடிக்கப் பல் இல்லாத ஞானப் பல்லாக இருந்தால், பிடுங்குங்கள். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அம்மாவுக்கு இடப்பக்கம் ஏற்கெனவே இல்லை. வலப்பக்கமும் போனால் சோறு மெல்லுவதே முன்பல்லில்தான். பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குச் சாயும், எதிர்ப் பல் மெல்ல இறங்கும், கட்டுப்பல் போட வேண்டிவரும். 46 வயதில் இன்னும் எத்தனை வருடம் சாப்பிட வேண்டியிருக்கிறது! சுவர்கள் போதுமானவை என்று டொக்டர் சொன்னால், போக்குவரத்துக்கு வழி செய்ய முடிந்தால், நான் என் அம்மாவுக்கு ரூட் கெனால்தான் செய்வேன். கிரவுனுக்கு வழியே இல்லை என்றால் பிடுங்கச் சொல்வேன். இந்த இரண்டுக்கும் நடுவில் பாதியில் நிற்கிற சிகிச்சை மட்டும் வேண்டாம்.

அம்மா வெற்றிலை போடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுவார் என்றால் ஒன்று பாருங்கள். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் நிறுத்தமாக வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பாக்கு நெடுநாள் போட்டால் கன்னத்தின் உள் தோல் நார்போல இறுகி வாய் திறப்பது குறையும், காரம் பட்டால் எரியும். வாய் திறக்காவிட்டால் கடைவாயில் ரூட் கெனால் செய்யவே முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், அது புற்றுநோய்க்கு முந்தின நிலை. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிசெய்து 20 வருடத்துக்கு மேலாகிறது. புகையிலை சேர்க்காமல் போட்டால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருவதே வாய்ப் புற்றுநோய். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த தோல் எது இருந்தாலும், பல்லுக்குப் போகும் அதே நாளில் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வீக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. பேராதனைத் திகதி வரும்வரை காத்திருக்கும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் இறுகி வீங்கினால், நாக்கு மேலே தூக்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால், கண் பக்கம் வீக்கம் ஏறினால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், திகதியைப் பார்க்க வேண்டாம். இரவானாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிடும். மணிக்கணக்கில் நடக்கக்கூடியது அது. காலையில் டிஸ்பென்சரி திறக்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வீங்கிய கன்னத்தில் சூட்டு ஒத்தடமும் கொடுக்காதீர்கள்.

போகும் நாளில் காலையில் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். விறைப்பு ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை, பசியோடு போனால்தான் மயக்கம் வரும். பிரஷர், நீரிழிவு மாத்திரை இருந்தால் வழக்கம்போலப் போட்டுவிட்டு, கிளினிக் கொப்பியையும் எடுத்துப் போகட்டும். இதய வால்வில் கோளாறு, பென்சிலின் ஒவ்வாமை எதுவும் இருந்தால் கதிரையில் உட்காரும் முன்பே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயைத் துண்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். முடிந்தால் முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், கேட்க வேண்டியதை நீங்கள் கேட்கலாம். எக்ஸ்ரேயைப் பார்த்து டொக்டர் பல்லின் சுவரைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதினால், அதை வைத்து இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.